ஊருக்கே ஒரு திவசம்

நவம்பர் 2ஆம் திகதி பின்னேரம். மெழுகுதிரிப் பெட்டியும் ஒரு பை நிறையப் பூவுமாகச் சேமக்காலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். வேலியோரம் நின்ற பக்கத்து வளவு ஐயா கேட்டார், "என்ன தம்பி, உங்கட ஆக்களுக்கு இண்டைக்குத் திவசமோ?"

"ஓம் ஐயா. ஊருக்கே ஒரு திவசம்."

அவசரத்தில் சொன்ன பதில்தான். ஆனால் அதைவிடச் சுருக்கமாக அந்த நாளைச் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை. ஐயாவுக்கு அன்று சொல்லாமல் விட்ட மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு உதவும். கத்தோலிக்கராகப் பிறந்து, வருடாவருடம் திரி கொளுத்திவிட்டு வீட்டுக்கு வருகிற என்னைப் போன்றவர்களுக்கும் உதவலாம்.

முதலில் பெயர். இப்போது கோயில் அறிவித்தல்களில் 'இறந்த விசுவாசிகள் நினைவு நாள்' என்று எழுதுவார்கள். பழைய ஆட்கள் 'சகல ஆத்துமாக்கள் திருநாள்' என்பார்கள். தமிழ்நாட்டில் 'கல்லறைத் திருநாள்'. எங்களுக்குக் கல்லறைத் தோட்டம் சேமக்காலை என்பதால் அந்தப் பெயர் இங்கே அவ்வளவாக ஒட்டவில்லை. சேமக்காலை நல்ல சொல். சேமம் என்றால் பத்திரம். பத்திரமாக வைத்துவிட்டு வந்திருக்கிறோம் என்ற நினைப்பு அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

இதற்கு முதல் நாள், நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். அந்தோனியார், செபஸ்தியார் போல நாளும் பேரும் உள்ள புனிதர்கள் கொஞ்சப் பேர்தான். பேர் வெளியே தெரியாமல் நல்லபடி வாழ்ந்து கடவுளிடம் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் எல்லாருக்குமாக நவம்பர் 1. போய்ச் சேருகிற வழியில் இன்னும் இருப்பவர்களுக்காக நவம்பர் 2. முதல் நாள் அவர்களிடம் கேட்கிறோம், அடுத்த நாள் இவர்களுக்காகக் கேட்கிறோம்.

வரலாறு நீளம், சுருக்கிச் சொல்கிறேன். நவம்பர் 1ஐ மேற்குத் திருச்சபையில் பரவலாக்கியவர் பாப்பரசர் நான்காம் கிரகோரியார், ஆண்டு 835. நவம்பர் 2 பிரான்ஸில் குளூனி என்ற இடத்துத் துறவிமடத்திலிருந்து வந்தது. அங்கே மடாதிபதியாக இருந்த ஓடிலோ, 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் (998 என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் ஆண்டு), தன் மடத்தைச் சேர்ந்த எல்லா மடங்களிலும் அந்த நாளில் மணியடித்து, இறந்தவர்களுக்காகச் செபித்து, பூசை (திருப்பலி) வைக்கச் சொன்னார். மடங்களிலிருந்து ஊர்களுக்குப் பரவியது. அப்புறம் 1915. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். போர்க்களங்களில் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர், அந்த ஒரு நாளில் ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்கலாம் என்று அனுமதி கொடுத்தார். ஒன்று, பூசை கேட்டவரின் கருத்துக்கு, அதாவது அவருடைய வேண்டுதலுக்கு. இரண்டாவது மரித்த விசுவாசிகள் எல்லாருக்கும். மூன்றாவது பாப்பரசரின் கருத்துக்கு. காசு வாங்கலாம் என்றால் ஒரு பூசைக்கு மட்டும்தான். அந்த இரண்டாவது பூசையை ஞாபகத்தில் வைத்திருங்கள், திரும்பி வருவேன்.

சரி, செத்தவருக்காக நாங்கள் செபித்தால் அவருக்கு என்ன வரப்போகிறது? ஐயா கேட்டிருந்தால் இதைத்தான் கேட்டிருப்பார்.

என் அம்மம்மா பழைய விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது ஒரு வரி வரும்: "அர்ச்சிஷ்டவர்களுடைய சமுதீதப் பிரயோசனத்தை விசுவசிக்கிறேன்." சின்ன வயதில் அதை ஒரே மூச்சில் ஒரே சொல்லாகச் சொல்லிப் பழகினோம். அர்த்தம் தெரியாது, கேட்கவும் இல்லை. இப்போது அதை 'புனிதர்களின் சமூக உறவு' என்று மாற்றிவிட்டார்கள். இலகுவாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரயோசனம் என்ற சொல் போனது எனக்கு நட்டமாகப் படுகிறது. ஒருவருடைய நன்மை மற்றவருக்கும் பிரயோசனப்படும் என்பதுதானே அங்கே விசயம்.

முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. அந்த வலையைத் தனி ஆளாக யாராலும் இழுக்க ஏலாது. கயிற்றின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று, பாட்டோடு இழுத்து, மடி கரைக்கு வந்தபிறகு பங்கு பிரிப்பார்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு ஒரு கணக்கு, இழுத்தவர்களுக்கு ஒரு கணக்கு. அன்றைக்குச் சுகமில்லாமல் வீட்டில் படுத்திருக்கிறவருக்கும் கறிக்கு ரெண்டு மீன் போகும். கேட்டால், "அவரும் எங்கட வலைக்காரர்தானே" என்பார்கள். கத்தோலிக்கர் பேச்சில் ஒரு கோயிலைச் சேர்ந்த சனத்துக்குப் பெயரே 'பங்கு'தான். அங்கே நல்லது செய்தவர், செய்ய ஏலாமல் கிடப்பவர் எல்லாரும் ஒரே வலை. சாவு ஒருவரை அந்த வலையிலிருந்து கழற்றிவிடாது. நவம்பர் 2க்கு அடியில் இருக்கிற நம்பிக்கை இதுதான்.

பழைய ஞானோபதேசத்தில் இதை மூன்றாகப் பிரித்துச் சொல்லித் தந்தார்கள். மோட்சத்தில் இருக்கிற திருச்சபை, பூமியில் போராடுகிற திருச்சபை, உத்தரிக்கிற திருச்சபை. திருச்சபை மூன்று கிடையாது, ஒன்றுதான். ஒரே குடும்பத்தில் ஒருவர் வீட்டில், ஒருவர் வேலையில், ஒருவர் வழியில் என்பதுபோல.

மோட்சத்துக்குப் போகிற வழியில் ஆத்துமா சுத்தமாகிற நிலைக்கு வைத்த 'உத்தரிக்கிற ஸ்தலம்' என்ற சொல்தான் ஆட்களைப் பயமுறுத்திவிட்டது. எங்கள் பேச்சில் உத்தரிக்கிறது என்றால் வேதனைப்படுவது. அதோடு பழைய படங்களில் நெருப்புக்குள் நின்று கை நீட்டுகிற ஆத்துமாக்களையும் பார்த்து வளர்ந்ததால், அது ஒரு சின்ன நரகம் என்றே நிறையப் பேர் நினைக்கிறார்கள். திருச்சபை அப்படிப் படிப்பிக்கவில்லை. அங்கே இருப்பவர்கள் எல்லாரும் மோட்சத்துக்குப் போவது நிச்சயம். தண்டனை பெற்றவர்களின் நிலைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூல் தெளிவாகச் சொல்கிறது. வயலால் வருகிறவர் முற்றத்து வாளியில் கால் கழுவிவிட்டு வீட்டுக்குள் போவதை நினைத்துப் பாருங்கள். வீடு அவருடையது. உள்ளே சோறு போட்டு வைத்திருக்கிறது. ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. ஆனாலும் சேற்றுக்காலோடு ஏற அவருக்கே மனம் வராது. 2007இல் பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் எழுதிய சுற்றுமடலில், அந்த நெருப்பு கிறிஸ்துவே என்று சொல்லும் இறையியலாளர்களை எடுத்துக்காட்டுகிறார். கிறிஸ்துவின் பார்வைதான் சுடுகிறது, அதுதான் சுகப்படுத்துகிறது.

இன்னொரு விசயம், இது எனக்குப் பிடித்தது. 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம், அதாவது திரிதெந்து நகரில் கூடிய ஆயர்களின் பேரவை, இதைப் பற்றித் தீர்மானம் எழுதியபோது இரண்டே விசயத்தைத்தான் உறுதியாகச் சொன்னது: அந்த நிலை உண்டு, விசுவாசிகளின் மன்றாட்டும் பூசையும் அங்கே இருப்பவர்களுக்கு உதவும். அதற்குமேல் சிக்கலான கேள்விகளைச் சாதாரண சனத்துக்குப் பிரசங்கிக்க வேண்டாம், மூடநம்பிக்கைக்கும் காசு பார்ப்பதற்கும் இடம் கொடுக்க வேண்டாம் என்று ஆயர்களைக் கண்டித்தும் வைத்தது. எங்கள் பிரசங்கிமார் சிலர் இதை மறந்துவிட்டு எத்தனை பாகை வெப்பம் என்பதுவரை சொன்னதைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

வேதாகமத்தில் இதற்கு ஆதாரம் கேட்டால் மக்கபேயர் இரண்டாம் நூல், 12ஆம் அதிகாரம். போரில் இறந்த தன் ஆட்களுக்காக யூதா மக்கபே 2,000 வெள்ளி திரட்டி, பாவப் பரிகாரப் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்புகிறார். இந்த நூல் கத்தோலிக்க வேதாகமத்தில் உண்டு, சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் இல்லை. ஆகையால் மெதடிஸ்த சபையிலோ தென்னிந்தியத் திருச்சபையிலோ இருக்கிற எங்கள் உறவினர்கள் இறந்தவர்களுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வார்கள், அவர்களுக்காக மன்றாடுவது பொதுவாக அவர்கள் வழக்கம் இல்லை. கலியாண வீட்டில் இதைப் பேசிச் சண்டை பிடித்தவர்களும் உண்டு. அதை விடுவம்.

இனிச் சேமக்காலைக்கு வருவோம். வன்னியில் நவம்பர் என்றால் மழை. காலபோக விதைப்பு நடக்கிற நேரம். ஒரு கிழமைக்கு முன்னமே கோயிலில் அறிவித்தல் வரும்: சனிக்கிழமை காலை சேமக்காலையில் சிரமதானம், மண்வெட்டி கத்தியோடு வரவும். ஒரு வருடப் பற்றையை ஒரு காலையில் வெட்ட வேண்டும். நெருஞ்சி காலைப் பதம் பார்க்கும். பட்டிப்பூச் செடியை மட்டும் பெண்கள் வெட்ட விடமாட்டார்கள், யாரும் நடாமல் தானாகக் கிடந்து பூக்கிறது என்பதால். பொடியன்கள் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். தேநீரும் பணிசும் வரும். தங்கள் வீட்டுக் கல்லறையை மட்டும் துப்பரவாக்கிவிட்டுப் போகிறவரை மூப்பர் பார்க்கிற பார்வையில், அவர் திரும்பி வந்து பக்கத்துக் கல்லறையிலும் புல்லுப் பிடுங்குவார்.

அன்றைக்குப் பின்னேரப் பூசை பெரும்பாலும் சேமக்காலையிலேயே நடக்கும். சுவாமி, அதாவது பங்குக் குரு, ஊதா உடுப்பில் வருவார். பூசை முடிந்ததும் தீர்த்தத்தோடு கல்லறை கல்லறையாகப் போய் மந்திரிப்பார். "நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று ஒருவர் தொடங்க, "முடிவில்லாத ஒளி அவர்கள் மேல் ஒளிர்வதாக" என்று சனம் முடிக்கும். காற்றில் திரி நிற்காது. சோடாப் போத்தலின் அடியையும் தலையையும் வெட்டிக் குழாய் மாதிரி வைத்து, அதற்குள் திரியை நட்டுக் கொளுத்துவோம். சிலர் சிரட்டைக்குள் நடுவார்கள். போத்தல் உருகிச் சுருங்கி ஒரு பக்கம் சாயும். அதை நிமிர்த்தி வைத்தே பாதி நேரம் போய்விடும். கனடாவிலிருந்து வீடியோ கோலில் வருகிற சித்தப்பா, "போனைக் கொஞ்சம் கிட்டப் பிடி, பேர் தெரியேல்லை" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

திரி கொளுத்துவது ஆத்துமா வந்து பார்க்கும் என்பதற்காக இல்லை. உயிர்த்த ஞாயிறுக்கு ஏற்றுகிற பாஸ்காத் திரியின், உயிர்த்த கிறிஸ்துவின் வெளிச்சம் இது. ஞானஸ்நானத்தில் கையில் கொடுத்த அதே வெளிச்சத்தைப் புதைத்த இடத்திலும் ஏற்றுகிறோம், அவ்வளவுதான். அடக்கம் முடிந்து 31ஆம் நாள் வைக்கிற பூசையும் ஆண்டுப் பூசையும் வீட்டுக்காரரின் நினைவு. இது பங்கின் நினைவு. நவம்பர் 1 முதல் 8 வரை சேமக்காலையைச் சந்தித்து இறந்தவர்களுக்காகச் செபிப்பவர்கள், பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை (நற்கருணை) வாங்கி, பாப்பரசரின் கருத்துக்காகவும் வேண்டிக்கொண்டால், பரிபூரண பலனை, அதாவது பாவத்துக்கான தற்காலிகத் தண்டனை முழுவதும் நீங்குகிற பலனை, இறந்த ஒருவருக்கு விட்டுக்கொடுக்கலாம் என்ற ஒழுங்கும் உண்டு. கொரோனா நேரம், 2020இல், கூட்டம் சேராதபடி அதை நவம்பர் முழுவதற்கும் நீட்டினார்கள்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். வன்னியில் இந்த நாளுக்கு வேறொரு கனம் உண்டு. நிறையப் பேருக்குத் திரி கொளுத்தக் கல்லறையே இல்லை.

2009 மே 18இல் போர் முடிந்தது. அதற்கு முந்தைய மாதங்களில் புதுமாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் கரையில் செத்தவர்களைப் பங்கருக்கு (பதுங்குகுழிக்கு) பக்கத்திலேயே மணலைத் தோண்டிப் புதைத்துவிட்டு நகர்ந்த குடும்பங்கள் எத்தனை. அந்த இடத்தைத் திரும்பத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாதவர்கள் எத்தனை. அதற்கு முன் 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கடல் கொண்டுபோனவர்கள். இரணைதீவுச் சனம் 1992இல் தீவை விட்டு வந்து, 2018 ஏப்ரலில்தான் திரும்பக் காலடி வைத்தார்கள். கால் நூற்றாண்டாக அவர்களின் முன்னோர் ஒரு கரையில், அவர்கள் மறு கரையில்.

இது எங்களுக்குப் புதிது என்றும் இல்லை. மடுக்கோயிலே இப்படி வந்ததுதான். ஒல்லாந்தர் 1658இல் மன்னாரைப் பிடித்துக் கத்தோலிக்கரை நெருக்கியபோது, 1670இல் மாந்தையிலிருந்து மாதாவின் சுருவத்தை (சிலையை) தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தவர்கள் தொடங்கிய கோயில். சுருவத்தைத் தூக்கலாம், சேமக்காலையைத் தூக்க ஏலாது. அவர்களும் தங்கள் ஆட்களை விட்டுவிட்டுத்தான் வந்திருக்க வேண்டும். 2008 ஏப்ரலில் அதே சுருவம் மறுபடி தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, ஆகஸ்டில் திரும்பியது. ஆகஸ்டு 15 திருவிழாவுக்கு மடுவுக்குப் போகிற எங்கள் பக்கத்துச் சனம் மாதாவிடம் பேசுகிற விதத்தைக் கேட்டால் தெரியும், இடம்பெயர்வு பற்றி அவளுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை என்ற தோரணையில்தான் பேசுவார்கள்.

கல்லறை இல்லாதவருக்கு என்ன செய்வது என்ற கேள்விக்குத் திருச்சபையின் பழைய பதில் ஒன்று ஒரு தாயிடமிருந்து வருகிறது. புனித அகுஸ்தீனின் அம்மா மோனிக்கம்மா, வட ஆபிரிக்காவில் தாகாஸ்தே ஊரவர். புருசனுக்குப் பக்கத்திலேயே தன்னையும் புதைக்க வேண்டும் என்று இடமெல்லாம் ஆயத்தம் பண்ணி வைத்திருந்தவர். கடைசியில் 387இல், ஊருக்குத் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த இடத்தில், இத்தாலியின் ஒஸ்தியாத் துறைமுகத்தில், காய்ச்சலில் விழுந்தார். ஊரில் சாகவில்லையே என்று பக்கத்தில் நின்றவர்கள் கவலைப்பட, அவர் சொன்னதன் சாரம் இது: இந்த உடம்பை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். நீங்கள் எங்கே இருந்தாலும் ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

அகுஸ்தீன் பிறகு ஆயராகி, இறந்தவர்களைப் பராமரிப்பது பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். சவ அடக்கத்தின் சிறப்பெல்லாம் இறந்தவருக்கு உதவி என்பதைவிட இருப்பவருக்கு ஆறுதல் என்றார். புதைக்க முடியாமல் போனதால் இறந்தவருக்கு ஒரு குறையும் வராது என்றார். கூடவே இன்னொன்று: பேர் சொல்லாமலே எல்லாருக்குமாகத் திருச்சபை மன்றாடுவது, தாய் தகப்பன், பிள்ளை, இனசனம் என்று யாரும் இல்லாதவர்களுக்குப் பொதுத் தாயாக நின்று அதைச் செய்வதற்காகத்தான் என்றார். அந்த இரண்டாவது பூசையை ஞாபகம் வைத்திருக்கச் சொன்னேனே, அது இதுதான். யாரும் காசு கொடுக்காத பூசை.

எங்கள் சேமக்காலையில் அதற்கு ஒரு இடமும் இருக்கிறது. நடுவில் நிற்கிற பெரிய சிலுவை. தங்கள் ஆட்கள் அங்கே புதைக்கப்படாதவர்கள் எல்லாரும் அதனடியில்தான் திரி வைப்பார்கள். கல்லறைகளில் ஒன்றிரண்டு திரி எரியும்போது அங்கே மட்டும் மெழுகு உருகிக் குளமாக நிற்கும். மழை பெய்து எல்லாம் அணைந்த வருடங்களிலும் அடுத்த நாள் காலையில் அந்த வெள்ளைப் படலம் சீமெந்தில் ஒட்டிக்கிடக்கும். சுரண்டினாலும் முழுதாக வராது.

காணாமல் போனவர்களின் தாய்மார் இந்த நாளில் சேமக்காலைக்கு வருவதில்லை. ஒருவர் என்னிடம் நேரே சொன்னார், "செத்தவைக்குக் கொளுத்துற திரியை என்ர பிள்ளைக்கு நான் ஏன் கொளுத்த வேணும்?" அதற்குப் பதில் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் திருச்சபைச் சட்டத்தின் 901ஆம் பிரிவு, உயிரோடு இருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் குரு பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது. ஆகையால் அந்தப் பிள்ளையின் பேரை எந்த வகை என்றும் போடாமல் வெறும் பேராகவே பூசைக்குக் கொடுக்கலாம். அவர் கொடுக்கிறார். நவம்பரில் இல்லை, பிள்ளையின் பிறந்தநாளில்.

எங்கள் பங்கில் ஒக்டோபர் கடைசியில் கோயில் வாசலில் ஒரு பெட்டி வைப்பார்கள். இறந்தவர்களின் பேரைத் துண்டில் எழுதிப் போட வேண்டும். நவம்பர் முழுவதும் அது பீடத்தடியில் இருக்கும். சேமக்காலைப் பூசையில் அந்தப் பேர்களை வாசிப்பார்கள். போன வருடம் துண்டுகளை அடுக்கிக் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. கொப்பித் தாளைக் கிழித்து, பேத்திப்பிள்ளையின் கையெழுத்தில் எழுதிய ஒரு துண்டு. மேலே புருசன் பேர், மகன் பேர், மூன்று சகோதரங்களின் பேர். கடைசி வரியில், "மாத்தளனில் எங்கட பங்கருக்குப் பக்கத்தில் கிடந்த பொடியன்" என்று இருந்தது. பேரை எழுத மறந்துவிட்டார்களோ என்று பூசைக்கு முன் அந்த அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"பேர் தெரியாது தம்பி. அவரை மூட என்ர சீலையைத்தான் போட்டனான். அப்பிடியே வாசிக்கச் சொல்லு."

சுவாமி அப்படியே வாசித்தார்.